பின்பக்கமும் கேட்ட ஆன்டெனா

பக்கத்துப் போர்ஷன்காரர்கள் மொட்டைமாடியில் காயவைத்திருந்த கூழ்வடகத்தை மிதித்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் ஓடினேன். காலில் செருப்பு இல்லை. மணி பத்துகூட ஆகவில்லை, அதற்குள் தளம் கொதித்தது. கத்திரி வெயில் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும்.

என் வலது கையில் ஆன்டெனா இருந்தது. ஒரு பிவிசி குழாய், அதன் குறுக்கே மூன்று இடங்களில் கம்பிக்குப் பதிலாகத் தச்சர்கள் வைத்திருக்கும் மஞ்சள் இரும்பு டேப்பை வெட்டிக் கட்டியிருந்தேன். டேப்பில் இருந்த செண்டிமீட்டர் எண்கள்கூட அழியவில்லை. இடது கையில் வாக்கி டாக்கி.

வடமேற்கே நீட்டினேன். பீப், பீப், பீப் என்று கேட்டது. வாக்கி டாக்கியின் சின்னத் திரையில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிரம்பி நின்றன. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன், கோடுகள் இறங்கின. வலப்பக்கம் திருப்பினேன், இறங்கின. மறுபடி நேராக நீட்டினேன், நிரம்பின.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

என் மனைவி சலோமி வீட்டைவிட்டு வெளியே போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. அவளுக்கு ஞாபகம் தப்பிப்போன காலம் அது. எந்தத் திசையில் நடந்துகொண்டிருக்கிறாள் என்று என் கையில் இருந்த கருவி சொல்லிவிட்டது. நானே கணக்குப் போட்டு, நானே வெட்டி, நானே கட்டிய கருவி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்குள் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஆன்டெனாவை ஒரே ஒரு தடவை என் முதுகுப் பக்கமாகத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே மாடிப்படி இறங்கினேன்.

உண்டியலுக்குப் போன கடிகாரம்

ஆரம்பத்திலிருந்து இந்தப் பக்கத்தைப் படித்து வருபவர்களுக்கு என்னைத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு வரி. என் பெயர் இஸ்ரவேல். தொலைபேசி இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து, கம்பம் ஏறியே காலத்தை ஓட்டி ஓய்வுபெற்றவன். என் தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டை வெட்டிய குடும்பம் எங்களுடையது. “எங்க வூட்டுக்காரருதான் அவங்க பரம்பரையிலயே மொதல்ல மேல ஏறுனவரு, அதுவும் போஸ்ட்டு கம்பத்துல” என்று சலோமி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பிறந்த ஊர் முசரவாக்கம். கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்து குடியேறியதிலிருந்து தறிக்காரர் வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தாள். ஊடைக்குப் போகும் பட்டு நூலைச் சின்னக் குச்சியில் சுற்றுகிற வேலை அது. ஞாபகம் போன பிறகும் அந்த விரல்கள் சும்மா இருந்ததில்லை. சேலைத் தலைப்பில் ஓர் இழையைப் பிரித்து ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். நான் கத்தினேன். பிறகு உப்பே போடவில்லை, அதற்கும் கத்தினேன். பாவி, அப்போதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கலாம். அழைத்துப் போனபோது டாக்டர், “இது இனிமே கூடிக்கிட்டேதான் போகும். ஆள் ஒருத்தர் கூடவே இருங்க” என்றார்.

அப்புறம் அவள் வெளியே போக ஆரம்பித்தாள். ஒரு நாள் காய்கறி மார்க்கெட்டில் பிடித்தோம். இன்னொரு நாள் பஸ் ஸ்டாண்டில். “எங்க போற?” என்று கேட்டால், “வேல இருக்குதுபா” என்பாள். என்னைப் பார்த்து, யாரோ வழிப்போக்கனைப் போல “பா” போடுவாள். முன்பெல்லாம் “ஏங்க”தான்.

ஓசூரில் இருக்கும் எங்கள் மகன் ஜான்சன், ஆள் இருக்கும் இடத்தைப் போனில் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினான். கட்டிவிட்டேன். நாலாவது நாள் கூட்டத்தோடு கூட்டமாக அம்மன் கோயிலுக்குள் போய், அதைக் கழற்றி உண்டியலில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். ஞாயிறு ஆராதனை தவறாதவள். யாரோ வரிசையில் நின்று எதையோ போடுவதைப் பார்த்திருக்கிறாள், இவளும் போட்டிருக்கிறாள்.

இங்கே நான் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறேன். மகன் போனில் பதறுகிறான். “அப்பா, அம்மா கோயில்லயே நின்னுக்கினு இருக்காங்கபா! நவுரவே இல்ல!” கடிகாரத்தின் பேட்டரி தீரும்வரை, போன் கணக்குப்படி அவள் அம்மன் சன்னிதியிலேயே இருந்தாள். போய்க் கேட்கலாம்தான். ஆனால் உண்டியலில் விழுந்தது சாமிக்குச் சொந்தம் என்பது இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கேட்க எனக்கு நா எழவில்லை.

அடுத்து கழுத்தில் மாட்டிய போன், தண்ணீர் டிரம்மில் கிடந்தது. கண்ணில் படுகிற எதையும் அவள் விட்டுவைக்க மாட்டாள் என்று புரிந்தது. கண்ணில் படாமல் தைத்துவிட வேண்டும், தினம் பிரித்து சார்ஜ் போடவும் கூடாது. அப்போதுதான் எனக்கு என் பழைய பைத்தியம் கைகொடுத்தது.

கறுப்புத் திரை கேட்ட கேள்விகள்

அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி உரிமம் வாங்கி, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ஒரு கூட்டம் உண்டு. ஹாம் என்பார்கள். நானும் அதில் ஒருவன். ஊருக்குள் இன்னொருவன் நரசிம்முலு. வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அண்ணன் தறியைப் பார்த்துக்கொள்ள, இவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், வாய் மட்டும் பெரியது.

தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர் செய்து சலோமியின் பாவாடை நாடாப் பட்டைக்குள் தைத்தேன். விநாடிக்கு ஒரு பீப். ஒரு வாரம் தாங்கும். மூன்று பாவாடைக்கு மூன்று. ஒரு மனுஷி மேல் இப்படி மாட்டிவிடலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். எனக்கும் தெரியாது, அன்றைக்குத் தெரிந்துகொள்ளவும் இஷ்டமில்லை.

பீப் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் திசை பார்த்துக் கேட்கும் ஆன்டெனா வேண்டும். பழைய டிவி காலத்தில் வீட்டுக்கு வீடு மாடியில் மீன்முள் மாதிரி நின்றதே, அந்த ஜாதி. எந்தக் கம்பி எவ்வளவு நீளம், எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது.

நரசிம்முலு ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே அந்தக் கணக்கைப் போடும் மென்பொருள். எனக்குப் படம் வரும், சுட்டியால் இழுக்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை. கறுப்புத் திரை, அதில் ஒரு வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டு நின்றது.

“படம் எங்கயா?”

“படமெல்லாம் கெடையாதுண்ணா. நீங்க டைப் அடிக்கணும், அது பதில் சொல்லும். எல்லாம் எழுத்துதான்.”

ஒரு பெயரைத் தட்டி என்டர் அடித்தால் ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்த அலைவரிசை? எத்தனை கம்பி? முதல் கம்பி நீளம் என்ன? தடிமன் என்ன? எல்லாம் சொன்னதும் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொண்டு கமுக்கமாக நின்றுவிடும். இன்னொரு பெயரைத் தட்டினால் கணக்குப் போடும். மூன்றாவதைத் தட்டினால் விடையைக் காட்டும். ஒழுங்காகச் செய்தால் ஒரு வார்த்தை பேசாது, தப்புச் செய்தால்தான் வாயைத் திறக்கும். எனக்கு வேலை கற்றுத் தந்த மேஸ்திரியும் அப்படித்தான், அதனால் எனக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் உட்காருவேன். சலோமி பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு விரலில் இழை சுற்றுவாள். நான் ஒற்றை விரலால் தட்டுவேன்.

“அது உன்ன இன்னா கேக்குது?”

“நீளம் கேக்குது சலோமி.”

“கேக்குதுல்ல, சொல்லேன். பாவம், காத்துக்கினு இருக்குது.”

விடை வந்ததும் திரையில் ஓடும் எண்களை அவள் சத்தமாக வாசிப்பாள். தொண்ணூத்தி ஏழு புள்ளி ரெண்டு. தொண்ணூத்தி ஒண்ணு புள்ளி அஞ்சு. என் பெயர் அவளுக்கு மறந்துவிட்டது, பெற்ற மகன் பெயர் மறந்துவிட்டது, எண் மறக்கவில்லை. வருஷக்கணக்கில் தார் எண்ணிக் கொடுத்த பழக்கம். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மத்தியானங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஜரிகையெல்லாம் முந்தியில்

அந்த மென்பொருள் கூட்டத்தில் ஒன்று, நாம் போட்ட அளவுகளைத் தானே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தேடித்தரும். தேடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும். உனக்கு எது முக்கியம்? முன்பக்கம் எவ்வளவு தூரம் கேட்க வேண்டும் என்பதா? முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும் என்பதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கொடு என்று கேட்கும்.

நான் தூரத்துக்கு நூறு போட்டேன். பின்பக்கத்துக்குப் பூஜ்யம் போட்டேன்.

இது ரேடியோக்காரன் மட்டுமே செய்கிற தப்பு. எங்கள் கூட்டத்தில் யாராவது இருவர் சந்தித்தால் முதல் பேச்சே, எவ்வளவு தூரம் பேசினாய் என்பதுதான். வெயில் காலத்தில் கடல் தாண்டி இலங்கைக்காரர் குரலைப் பிடித்தேன் என்று நரசிம்முலு என்னிடம் நூறு தடவை பீற்றியிருப்பான். எனக்கும் அந்த வியாதி உண்டு. அதோடு இன்னொரு நினைப்பும் இருந்தது. சலோமி தொலைந்தால் தூரமாகத்தான் தொலைவாள் என்று நினைத்தேன். தூரத்தில் இருப்பவளைப் பிடித்துவிட வேண்டும் என்ற பயம் எனக்கு.

முக்கால் நிமிஷம் கறுப்புத் திரையில் எண்கள் ஓடின. முடிந்ததும் சலோமி வாசித்தாள். தூரத்துக்கு நல்ல எண் வந்திருந்தது. நான் தொடையில் தட்டிக்கொண்டேன். அதற்கு அடுத்த வரி, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம். அதையும் அவள்தான் வாசித்தாள்.

“நாலு புள்ளி ஒண்ணு.”

சாயங்காலம் நரசிம்முலு வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

“இன்னாண்ணா இது, ஜரிகையெல்லாம் முந்தியிலயே போட்டுட்டீங்க. உடம்புக்கு இன்னா வெச்சிருக்கீங்க?”

“எனக்கு தூரம் வேணும்யா.”

“தூரம் சரிண்ணா. ஆளத் தேடற ஆன்டெனான்னா பின்பக்கம் செவிடா இருக்கணும். இருவதாவது வரணும். இது நாலுண்ணா. பக்கத்துல நின்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கேக்கும். பேஜாராயிடும்.”

“நான் முப்பது வருசம் லைன்ல இருந்தவன். நீ போய் உங்க அண்ணன் தறிய பாரு.”

“அய்யோ தேவுடா” என்று தலையில் அடித்துக்கொண்டு போனான். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டு கையோடு மாற்ற வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவனையே திட்டியிருக்கிறேன். என் புத்திக்கு அவன் என்ன செய்வான்?

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூரம் ஏரிக்கரையில் சோதனை செய்தோம். அவன் டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு வரப்பு மேல் போய் நின்றான். நான் அவனைப் பார்த்து நீட்டினேன், கோடுகள் நிரம்பின. பக்கவாட்டில் திருப்பினேன், விழுந்தன. “பாத்தியா?” என்றேன். பின்னால் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவன் முன்னால் நிற்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே.

முசரவாக்கம் போன வழி

அன்று நான் குளிக்கப் போனபோது கதவுக்கு மேல்தாழ் போட மறந்திருந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் கதவு விரியத் திறந்திருந்தது. அவளுடைய செருப்பு வாசலிலேயே இருந்தது. தெருமுனைவரை ஓடிப் பார்த்தேன், பக்கத்து வீடுகளில் கேட்டேன், கோயில் பக்கம் ஒரு சுற்று வந்தேன். பிறகுதான் மாடிக்கு ஓடினேன்.

ஆன்டெனா வடமேற்கைக் காட்டியதும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வடமேற்கே முசரவாக்கம் இருக்கிறது, அவள் பிறந்த வீடு இருக்கிறது. எல்லாம் மறந்தவளுக்குத் தாய்வீட்டு வழி மறக்கவில்லை என்று என் மனம் ஒரு கதை கட்டிவிட்டது. அந்தக் கதை எனக்குப் பிடித்தும் இருந்தது. வண்டியை எடுத்தேன்.

ஊரைக் கடக்கவே அரை மணி ஆயிற்று. முகூர்த்த நாள், பட்டு வாங்க வந்த வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. ரயில்வே கேட் அருகே நிறுத்தி ஆன்டெனாவை நீட்டினேன். கோடுகள் குறைந்திருந்தன. ஆட்டோவில் ஏறிவிட்டாள் போல, முன்னால் போகிறாள் என்று நினைத்தேன். பைபாஸ் அருகே நிறுத்தினேன், பீப் இரைச்சலுக்குள் முனகியது. பஸ்ஸின் தகரத்துக்குள் இருக்கிறாள், அதனால்தான் என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றுமே கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு தடவையும் சிக்னல் என்னிடம், நீ விலகிப் போகிறாய், விலகிப் போகிறாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டே போனேன்.

சலோமியின் தம்பி யாக்கோபு வாசலில் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தான்.

“அக்கா எங்கடா?”

“இங்க வரலியே மாமா.”

“வந்திருக்கா. நல்லாப் பாரு.”

“மாமா, நான் காலையிலேந்து வாசல்லதான் இருக்கறேன். வந்தா எனக்குத் தெரியாதா?”

நான் அவனைத் திட்டினேன். மாட்டுக்கொட்டகையில் தேடினேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். வழியில் இறங்கியிருப்பாள் என்று அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் நிறுத்தமாகக் கேட்டேன். மணி பன்னிரண்டைத் தாண்டியது. ரோட்டில் தார் இளகி வண்டிச் சக்கரத்தில் ஒட்டியது. அப்போதுதான் நரசிம்முலுவுக்குப் போன் போட்டேன்.

எல்லாவற்றையும் கேட்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அண்ணா, மாடியில நின்னப்ப திருப்பிப் பாத்தீங்களா?”

“ரெண்டு பக்கமும் பாத்தேன்யா. எறங்குச்சு.”

“அது இல்லண்ணா. உங்க முதுகுப் பக்கம்.”

அந்த ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாலு புள்ளி ஒண்ணு என்று அவள் வாசித்த குரல் காதில் கேட்டது. யாக்கோபு, “இன்னா மாமா, இன்னா ஆச்சு?” என்று தோளைப் பிடித்து உலுக்கினான்.

நரசிம்முலு தன்னுடைய ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு எங்கள் மாடிக்குப் போனான். கால் மணி நேரத்தில் கூப்பிட்டான். “தென்கிழக்குண்ணா. ரொம்ப லேசா கேக்குது. வாலாஜாபாத் ரோடு. நான் முன்னால போறேன், நீங்க வாங்க. ஜல்தி.”

நுங்கு விற்கும் அம்மா

அய்யம்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் நுங்கு வண்டி நின்றது. நரசிம்முலுவின் பைக் பக்கத்தில் கிடந்தது. அவன் எனக்கு முகம் காட்டாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சலோமி வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கருத்துப்போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. மடியில் ஒரு தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கால்களை நீட்டியிருந்தாள். அந்தப் பாதங்களை நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன். அவளுக்குச் சர்க்கரை வியாதி இருபது வருஷமாக உண்டு, பாதத்தில் சூடு தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். கொதிக்கிற தார் ரோட்டில் அவளுக்கு ஒன்றும் தெரியாமலே நடந்திருக்கிறாள்.

நுங்கு விற்கும் அம்மா அவள் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சீறினாள்.

“நீதான் வூட்டுக்காரனா? இன்னாயா ஆளு நீ, இந்த வெயில்ல பொம்பளைய இப்படி வுட்டுட்டு? எக்ஸ்சேஞ்சு எங்கருக்குது, எக்ஸ்சேஞ்சு எங்கருக்குதுன்னு கேட்டுக்கினே வந்துச்சு. எனக்கு இன்னா தெரியும் எக்ஸ்சேஞ்சு? நுங்கு குடுத்தா வேணான்றா. அவரு சாப்புடாம நான் சாப்புடறதான்னு கேக்குறா.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கல்யாணமான புதிதில், இதே ரோட்டு வழியாகப் போனால், திருமுக்கூடலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு வேலை. பக்கத்திலேயே ஓர் அறையில் குடியிருந்தோம். தினம் மத்தியானம் அவள் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். நான் எந்தக் கம்பத்தில் இருக்கிறேன் என்று விசாரித்து, அந்தக் கம்பத்துக்குக் கீழே வந்து நிற்பாள். ஒரு வருஷம்தான், அப்புறம் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகிவிட்டது. அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அவள் தாய்வீட்டைத் தேடிப் போகவில்லை. நான் சாப்பிடவில்லையே என்று என்னைத் தேடிப் போயிருக்கிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து தூக்கை வாங்கப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

“உடு. இது எங்க வூட்டுக்காரருக்கு. நீ யாருபா?”

“நான் எக்ஸ்சேஞ்சு ஆளுமா. அவருக்குக் குடுத்துடறேன்.”

சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். “சிந்தாம எடுத்துக்கினு போ. சூடா இருக்குது.”

நரசிம்முலு கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் வருவதற்குள் மறைவாகப் போய்த் திறந்து பார்த்தேன். கழுவிய அரிசி, வேகாத அரிசி, தண்ணீரோடு. ஓரத்தில் கொஞ்சம் ஊறுகாய் வைத்திருந்தாள். எனக்குப் பிடித்த நார்த்தங்காய் ஊறுகாய். நான் அந்த மரத்துக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதேன். அந்த அரிசியை ஒரு வாய் அள்ளி மென்று விழுங்கினேன்.

வார்டில்

இரண்டே வாரத்தில் வலது பாதம் அழுகத் தொடங்கியது. கணுக்காலுக்கு மேல் எடுக்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். இரண்டரை மணி நேரம் முன்னால் போயிருந்தால் பாதம் பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். “அதெல்லாம் இப்ப எதுக்குங்க” என்றார். நல்ல மனிதர்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், என்ன நினைத்தேனோ, லேப்டாப்பைத் திறந்தேன். அதே பெயரைத் தட்டினேன். எது முக்கியம் என்று கேட்டது. தூரத்தைக் குறைத்து, பின்பக்கத்துக்கு முழு மதிப்பெண் போட்டேன். முக்கால் நிமிஷம் எண்கள் ஓடி நின்றன. இருபத்தாறு. தூரத்தில் ஏறக்குறைய ஒன்றுமே குறையவில்லை. ஒரு கம்பியில் இரண்டு விரற்கடை வெட்டி, இன்னொன்றை இரண்டு விரற்கடை தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கத்தரிக்கோலும் ஒரு மத்தியானமும் இருந்தால் முடிகிற வேலை. பக்கத்து நாற்காலியில் விடையை வாசிக்க ஆள் இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் எங்கும் நடந்து போகவில்லை. மழைக்காலம் பாதியில் போய்ச் சேர்ந்தாள். அதை வேறொரு வாரம் எழுத எனக்குத் தெம்பு இருக்குமா என்று தெரியவில்லை.

பாதத்தை எடுத்துவிட்ட மறுநாள் காலையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தாள். போர்வையில் ஓர் இழையைப் பிடித்து விரலில் சுற்றத் தொடங்கினாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எங்க வூட்டுக்காரரு வந்தாராபா?” என்று கேட்டாள்.

“இன்னும் வரலமா” என்றேன். நான்தான் அது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“வழி தெரியாம இருப்பாரு.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டேன். எதிர்க் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சலோமி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீ ஏம்பா அழுவற? அவரு எப்பவும் லேட்டுதான். லேட்டானாலும் வந்துடுவாரு.”